இருபத்தேழாம் நம்பர் லைன்

இல்ல அண்ணாச்சி, அத மட்டும் செஞ்சிராதீங்க. மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணிப் போட்டா எல்லாஞ் சரியாயிரும்னு அந்த இசக்கிதான சொல்லுதான்? அவன் சொல்லுவான். எக்ஸ்சேஞ்சு மெஷின் மறுபடி எந்திரிச்சு நிக்க கால்மணி நேரம் ஆவும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. அதுவரைக்கும் நாம பேசுத இந்த சர்வீஸ் லைனும் கெடையாது. நீங்க அங்கன ஒத்தையில, நான் இங்கன ஒத்தையில. அப்புறம் யாரு யாருக்கு என்ன சொல்ல? லைன்மேன்னா லைன்மேன் வேலயப் பாக்கச் சொல்லுங்க. சுவிட்ச விட்டுத் தள்ளி நிக்கானா? ம். சரி.

என்னன்னு தெரியாம என்னத்தச் செய்யங்கியளா? வாஸ்தவந்தான். சொல்லுதேன், ஒரே தடவதான் சொல்லுவேன். மேல எஸ்டேட்டுல வாட்சர் மாடன் இருக்காம்லா, அவன் இப்பம் இங்க தென்காசி எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டான். நான்தான் எடுத்தேன். மலையில பேய் மழையாம். ஓடப் பாலத்த தண்ணி மூடிட்டாம், மரத்தையெல்லாம் உருட்டிக்கிட்டு எறங்குதாம். பாலத்துலருந்து பழைய குத்தாலத்துக்குத் தண்ணி வந்து சேர முக்கா மணி நேரம்னு அவன் சொல்லுதான். கீழ பளிச்சுனு வெயிலு. அருவியில நூலாத்தான் விழுது. கார்த்திகை மாசம், சாமிமாரு பஸ்சு பஸ்ஸா வந்து எறங்கிக் குளிக்காவ, குடும்பம் குடும்பமா சனம் வேற. வெளியூர் ஆளுவளுக்கு என்ன தெரியும்? தண்ணி கொஞ்சங் கூடுனா சந்தோசமா உள்ளதான் போவாவ. அங்கன இருக்கது ஒரே ஒரு போனு, போலீஸ் அவுட்போஸ்ட்டு போனு. அது ஒங்க வேங்கைப்புதூர் எக்ஸ்சேஞ்சுலருந்து போவுது, இருபத்தேழாம் நம்பரு. அது செத்துக் கெடக்கு. அவ்வளவுதான் விசயம்.

ஜீப்பெல்லாம் போயாச்சு. பக்கத்து போர்டுல நம்ம வேதா இருக்கால்லா, அவ ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பிட்டா. ரோட்டுல லாரி ஒண்ணு கவுந்து கெடக்காம், ஒத்தச் சாரிதான் விடுதாவளாம். ஜீப்பு சாமிமாரு பஸ்ஸுக்குப் பின்னால மாட்டிக்கிட்டு நிக்கி. ஒரு கான்ஸ்டபிள எறக்கி சைக்கிள்ல விட்டிருக்காவ. ஏத்தத்துல அவரு எப்பம் போயிச் சேர? போனா நல்லது. நாம அத நம்பி உக்காந்திருக்க முடியாது.

நீங்களா? நீங்க எங்க போவீய? ஒங்க ஊர்லருந்து எட்டு மைலு. நீங்க சைக்கிள மிதிச்சு முடிக்கதுக்குள்ள தண்ணி முந்திரும். எந்திரிக்காதீங்க அண்ணாச்சி. ஒங்க கையி அந்த மெஷின்லதான் இருக்கணும். உக்காருங்கன்னா உக்காருங்க. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, தொண்ட கட்டிருக்கு.

கமாண்டு அடிச்சுப் பாத்தீயளா? எத்தன தடவ? அட ஆண்டவரே. நாலு தடவயுமா? சரி சரி, அடிச்சது அடிச்சாச்சு. இனிமே நான் சொல்லாம ஒரு எழுத்து அடிக்காதீங்க.

எஞ்சினியரு திருநெல்வேலிக்கு மீட்டிங் போயிட்டாரு. அங்கயும் போட்டாச்சு, ரிங்கு போவுது, எடுக்க ஆளில்ல. புஸ்தகம் எங்கிட்ட இருக்கு. அவரு பீரோவுலதான் பூட்டி வச்சிருந்தாரு. ஆமா, ஒடச்சேன். வாட்ச்மேன்கிட்ட கடப்பாரை வாங்கி நானேதான் நெம்புனேன். மெமோ குடுத்தா வாங்கிக்கிடுதேன். முப்பது வருசத்துல ஞானபாக்கியம் வாங்குத மொத மெமோ, பிரேம் போட்டு மாட்டிக்கிடுதேன். சிரிக்காதீங்க, பேப்பர எடுங்க.

எந்தப் பேப்பரா? மெஷினு பக்கத்துல பிரிண்டரு, அதுலருந்து தானா அடிச்சுச் சுருள் சுருளா விழுதுல்லா, அது. லாக்குன்னு சொல்லுவாரு எஞ்சினியரு. நீங்க என்ன கமாண்டு அடிச்சீய, மெஷினு என்ன பதில் சொல்லிச்சு, உள்ள சொருவிருக்க கார்டுல எத எப்பம் உருவுனாவ, எல்லாத்தையும் நேரத்தோட அதுவே எழுதி வச்சுக்கிடும். பதில நம்பராத்தான் போடும். அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு புஸ்தகத்துல இருக்கு. பேப்பர் ஒங்ககிட்ட, புஸ்தகம் எங்கிட்ட. ஒண்ண வச்சு ஒண்ணும் ஆவாது. நீங்க வாசிங்க, நான் பாக்குதேன்.

தேதிய விடுங்க. எண்பத்தொம்பது நவம்பர்னு எனக்குந் தெரியும். பதில வாசிங்க. கடைசி வரியா? ரிஜெக்டட், எர்ரர் முப்பத்தொண்ணு. இருங்க. முப்பத்தொண்ணு... முப்பத்தொண்ணு... இன்னா. முந்துன கமாண்டு இன்னும் முடியல, காத்திருக்கவும். அப்பிடின்னா என்ன? நீங்க நாலு தடவ அடிச்சீயல்லா, ஒண்ணு முடியதுக்குள்ள அடுத்தது, அதான் முட்டிக்கிட்டு நிக்கி. அது நாம இழுத்துவிட்ட வம்பு, மூல வியாதி அது இல்ல. அதுக்கு மேல் வரி? அதுவும் முப்பத்தொண்ணா. அதுக்கும் மேல? சரி. கடைசி வரியெல்லாம் விடுங்க அண்ணாச்சி. மொத மொத அடிச்சீயல்லா, அதுக்கு என்ன சொல்லிச்சு? மேல போங்க. பைய. வரி தாவிராதீங்க, ஸ்கேல வச்சு வாசிங்க.

பதினேழா? நல்லாப் பாருங்க, பதினொண்ணு இல்லியே? பதினேழு. கண்ணாடி போட்டிருக்கீயல்லா? சரி சரி, கேட்டேன், அவ்வளவுதான்.

பதினேழு. இந்த இடத்துக்கு உண்டான வகைக் கார்டு இல்ல. அப்பிடித்தான் போட்டிருக்கு. இருபத்தேழாம் நம்பர் எந்தக் கார்டுல வருது? நாலாவது இடம். அங்கன கார்டு இருக்குல்லா? இருக்கு. லைட்டும் எரியுது. அதனாலதான் ஒங்களுக்குப் புரியல. கார்டு இருக்கு, ஆனா அது அங்கன இருக்க வேண்டிய கார்டு இல்ல.

ஆமா, பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான். இன்னா இங்கன படம் போட்டிருக்கு. கிட்டத்து லைனுக்கு ஒரு வகை, தூரத்து லைனுக்கு ஒரு வகை. அவுட்போஸ்ட்டுக்குக் கம்பி தோப்புக்குள்ளயும் காட்டுக்குள்ளயும் எட்டு மைல் போவுது, அதுக்குத் தூரத்து லைன் கார்டுதான் வேணும். அந்தக் கார்டு இப்பம் வேற எங்கயோ உக்காந்திருக்கு. எழுத்தா? எழுத்து பின்பக்கம் இருக்கு. வெளிய உருவுனாத்தான் தெரியும்.

உருவாதீங்க! கைய எடுங்க. எடுத்தீயளா? பதினாறு கார்டு இருக்கு அண்ணாச்சி. ஒவ்வொண்ணா உருவிப் பாத்துக்கிட்டிருந்தா, அதுல ஒண்ணுலதான நம்ம சர்வீஸ் லைனும் கெடக்கு. எதுலன்னு எனக்கும் தெரியாது, ஒங்களுக்கும் தெரியாது. கை தவறி அத உருவிட்டீயன்னா நான் இங்கன ஹலோ ஹலோன்னு கத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான். ஊகம் வேண்டாம். பேப்பர்ல இருக்கும். நேத்துப் பேப்பரப் பாருங்க. நேத்து மத்தியானம் வரைக்கும் அவுட்போஸ்ட்டு லைன் நல்லாத்தான் இருந்துச்சு, நானே பேசியிருக்கேன்.

என்ன, இல்லியா? எப்பிடி இல்லாம போவும்? இன்னிக்குக் காலையிலருந்துதான் இருக்கா. கிழிஞ்சிருக்கா?

யாரு கிழிச்சா? இசக்கி மூஞ்சியப் பாருங்க. முழிக்கானா? கேளுங்க அவன்கிட்ட. ...வடை மடிக்கவா! ஏலே இசக்கி, கேக்குதாலே? ஒனக்கு வடை மடிக்க வேற பேப்பர் கெடைக்கலையா? கவர்மெண்டு மெஷினு கணக்கு எழுதி வச்சா, நீ எண்ணெய ஒத்தி எடுத்தியா? சரி, ஏச இப்பம் நேரமில்ல. குப்பைக்கூடையில கெடக்கான்னு பாக்கச் சொல்லுங்க. கவுத்தச் சொல்லுங்க கூடைய.

என்ன வேதா? மாடனா? மறுபடியுமா? என்னங்கான்? சரி. சரி, அவன அந்த லைன்லயே நிக்கச் சொல்லு.

ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தண்ணி எஸ்டேட் குடோனத் தாண்டிட்டாம். நெனச்சத விட வெரசா வருதுங்கான். நீங்க ஒங்க வேலயப் பாருங்க. கெடச்சிட்டா? எண்ணெக் கறையா? அது கெடக்கட்டும், எழுத்து தெரியுதுல்லா? வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு வாசிங்க. நேத்துச் சாயங்கால வரிக்கு வாங்க.

ஆங். வாசிங்க. நாலாவது இடம், கார்டு எடுக்கப்பட்டது. அதுக்கு முன்னால கமாண்டு எதுவும் இருக்கா? இல்ல. அப்பிடியே உருவியிருக்கான். அடுத்தது? ஆறாவது இடம், கார்டு எடுக்கப்பட்டது. அப்புறம் ஆறாவது இடம் கார்டு வைக்கப்பட்டது, வகை மாறியுள்ளது. நாலாவது இடம் கார்டு வைக்கப்பட்டது, வகை மாறியுள்ளது. போதும் அண்ணாச்சி. நிறுத்துங்க. நாலும் ஆறும் மாறிக் கெடக்கு.

ஏங்கியளா? இசக்கிதான் நிக்கானே, கேளுங்க. ...லாட்ஜ்காரரு லைன்ல கரகரன்னு கேட்டுச்சாம். பழைய எக்ஸ்சேஞ்சுல செஞ்ச மாதிரி ரெண்ட உருவி, வாயால ஊதி, திரும்ப மாட்டுனானாம். ஊதுததுக்கு அது என்ன அடுப்பாலே? ரெண்டையும் ஒண்ணா மேசையில வச்சிருப்பான், எது எதுன்னு பாக்காம சொருவிருப்பான். மெஷினு நேத்தே சொல்லியிருக்கு, பாத்தீயளா, வகை மாறியுள்ளதுன்னு. அதச் சொன்ன பேப்பரக் கிழிச்சுத்தான் வடை தின்னுருக்கான்.

அவன அடிக்காதீங்க, அதுக்கெல்லாம் நேரம் இல்ல. விடுங்க. நானும் பழைய போர்டுல பிளக்க ஊதி மாட்டுன ஆளுதான். அது அந்தக் காலத்துப் பழக்கம். விடுங்க அவன, ஒரு ஓரமா நிக்கட்டும்.

இப்பம் வரிசையாச் செய்வோம். மொதல்ல அந்த நாலு கமாண்டையும் ரத்து பண்ணணும். நான் எழுத்து எழுத்தாச் சொல்லுதேன், நீங்க திரும்பச் சொல்லிட்டு அடிங்க. சரி. ஒண்ணுக்கு என்ன வந்துச்சு? டன்னு. முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். ரெண்டாவது? மூணாவது? நாலாவதுக்கும் டன்னு வந்துச்சா? இல்ல, வர வரைக்கும் பொறுங்க. கைய மடியில வச்சுக்கிடுங்க.

வந்துட்டா. நல்லது. இப்பம் நாலாவது இடத்த நிறுத்தணும். மெஷினுகிட்டச் சொல்லாம உருவக் கூடாது, அதான் நேத்து நடந்த கூத்து. நாலு, நிறுத்து. டன். லைட்டு அணைஞ்சிட்டா? நம்ம லைன் இதுல இல்ல, தப்பிச்சோம். சரி. ஆறு, நிறுத்து.

என்னது, ரிஜெக்டடா? நம்பரு? இருபத்திரெண்டு. இருங்க, இருங்க... இந்தக் கார்டுல ஒரு லைன்ல பேச்சு நடந்துக்கிட்டிருக்கு. எந்த லைன்னு போட்டிருக்கா? முப்பத்தொம்பது. யாரு முப்பத்தொம்பது? லாட்ஜ்காரரா! வேதா, வேங்கைப்புதூர் முப்பத்தொம்பது எங்க பேசுது பாரு. கொல்லத்துக்கா? நம்ம போர்டு வழியாத்தானே? என்ன பேசுதாரு? ஏலக்கா வெலயா? பிளக்க உருவு. நான் சொல்லுதேன்லா, உருவு. கெஞ்சாத, உருவு.

உருவியாச்சு அண்ணாச்சி. அடிங்க மறுபடி. ஆறு, நிறுத்து. டன். லைட்டு? அணைஞ்சிட்டா. இப்பம் ரெண்டையும் உருவுங்க. ஒண்ணொண்ணா. மேலயும் கீழயும் ரெண்டு காது இருக்கும், அதப் பிடிச்சு நேரா இழுங்க. பின்பக்கம் பாருங்க. நாலுல இருந்த கார்டுல என்ன போட்டிருக்கு? எஸ்ஸு. ஆறுல இருந்ததுல? எல்லு. எல்லுன்னா தூரம். கிட்டத்து லைனும் இதுல ஓடும், அதான் லாட்ஜ்காரரு பேசிக்கிட்டிருந்தாரு. அதான் நாலுக்குப் போவணும். ஊதாதீங்க. தெரியும், நீங்க ஊத மாட்டீய, இருந்தாலும் சொல்லுதேன். சொருவுங்க. பதமா. டக்குன்னு சத்தம் வரணும். வந்துச்சா? ரெண்டும்?

ஒரு மூச்சு விட்டுக்கிடுங்க. இப்பம் நாலு, சர்வீஸுக்கு எடு. அடிங்க. பிரிண்டரப் பாருங்க. கமாண்டு திரையப் பாக்காதீங்க, பிரிண்டரப் பாருங்க.

டன்னா.

சத்தமாச் சொல்லுங்க. டன்னுதான?

இருங்க. லைன்ல இருங்க. இந்தக் காதுல ஒங்கள வச்சுக்கிட்டு அந்தக் காதுல போடுதேன். வேதா, இருபத்தேழு போடு. ரிங்கு போவுது அண்ணாச்சி. ரிங்கு போவுது. எடுய்யா. எடு.

ஹலோ, அவுட்போஸ்ட்டா? யாரு, இஸ்மாயிலா? முகம்மது இஸ்மாயில், தென்காசி எக்ஸ்சேஞ்சுலருந்து ஞானபாக்கியம் பேசுதேன். மேலருந்து வெள்ளம் வருது, இப்பமே வருது. அருவியில ஒரு ஆள் நிக்கக் கூடாது. எல்லாத்தையும் மேட்டுக்கு ஏத்துங்க. சோப்பு, துணி, செருப்பு எதுக்கும் திரும்ப விடாதீங்க. போங்க தம்பி. ரிசீவர வைக்காதீங்க, அப்பிடியே மேசையில போட்டுட்டு ஓடுங்க!

போயிட்டான் அண்ணாச்சி. ரிசீவர கீழ போட்டுட்டுப் போயிருக்கான். எல்லாம் கேக்குது எனக்கு. விசில் அடிக்கான். விடாம அடிக்கான். யாரோ சண்ட போடுதாவ, இப்பத்தான வந்தோம்னு. ஆமா, அப்பிடித்தான் கேப்பாவ. சாமியே சரணம்னு ஒரு கூட்டம் கத்துது. பிள்ளைய அழுகுது. ஒரு பொம்பள யாரையோ பேரச் சொல்லிக் கூப்பிடுதா... இல்ல, பேரு சரியாக் கேக்கல. இருங்க, பேசாதீங்க கொஞ்சம்.

இல்ல, நீங்க வேல முடிஞ்சிட்டுன்னு எந்திரிக்காதீங்க. இன்னும் முடியல. மெஷினு பக்கத்துலயே இருங்க. லைன் விட்டா திரும்ப யாரு எடுக்க?

வருது அண்ணாச்சி. சத்தம் வருது. ரயிலு வர மாதிரி... மொதல்ல மழைன்னு நெனச்சேன். மழை இல்ல. தகரம் எதோ சரிஞ்சு விழுது. துணி மாத்துத கொட்டகையா இருக்கும். ஆண்டவரே. மனுசச் சத்தமே கேக்கல, தண்ணிச் சத்தந்தான் கேக்குது.

இருக்கேன். இருக்கேன் அண்ணாச்சி. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஹலோ! சொல்லுங்க இஸ்மாயில். மூச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க. ம். ம். எல்லாருமா? எண்ணிப் பாத்தியளா? சரி. ம். இன்னொண்ணு கேக்கணும் தம்பி, ஒரு பேரு சொல்லுதேன், மேட்டுல நின்னு சத்தமாக் கூப்பிட்டுப் பாருங்க. இருங்க, நான் இந்த லைன மூடிட்டுச் சொல்லுதேன்.

அண்ணாச்சி? கட் ஆவல, நான்தான் ஒங்க பக்கம் மூடி வச்சேன். சாமிமாரு எல்லாம் ஏறிட்டாவளாம். பொம்பளய பக்கமும் ஏறிட்டாவளாம். பாறை முங்கத் தண்ணி போவுதாம். எண்ணெ தேச்சு விடுத ஆளு ஒருத்தர மட்டும் காங்கல. பலகைய எடுக்கப் போனாராம். தேடுதாவ. கயித்தப் பிடிச்சுக்கிட்டு நாலு பேர் எறங்கியிருக்காவளாம். ஆமா. அந்த ஆளுக்கு நாம ரெண்டு நிமிசம் பிந்திட்டோம் போல. அந்த லாட்ஜ்காரர் லைன இன்னும் முன்னாலயே பிடுங்கியிருக்கணும். தெரியல. தேடட்டும், கெடைப்பாரு.

இல்ல, இன்னும் போவாண்டாம். ஒரு நிமிசம். இஸ்மாயிலு வரட்டும்.

எதுக்குன்னா எதுக்கு? நீங்க ஒரு ஆளு. இருங்கன்னா இருங்க.

ம். சொல்லுங்க தம்பி. பாத்தியளா? நீங்களே பாத்தியளா? மூணும் இருக்கா? சரி. அங்கனயே நிக்கச் சொல்லுங்க. போன் பக்கத்துல கூட்டிட்டு வாங்க.

சரி அண்ணாச்சி. ஒங்களுக்கு ஒரு சேதி பாக்கி நிக்கி எங்கிட்ட. காலையில போர்டுல ஒரே கூட்டம், மத்தியானம் ஒங்ககிட்டப் பேசும்போது சொல்லிக்கிடலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள மாடன் கூப்பிட்டுட்டான். பத்து மணி இருக்கும், மாடத்தி மதினி பஸ் ஸ்டாண்டு கடையிலருந்து போட்டா. கடையத்துலருந்து அவ அக்கா பிள்ளைய வந்திருக்காம். மூணு பேரையும் கூட்டிக்கிட்டுப் பழைய குத்தாலத்துக்குக் குளிக்கப் போறேன், அவுககிட்டச் சொல்லிருங்கன்னா. சாயங்காலந்தான் வருவாளாம். நேத்து வச்ச புளிக்கொழம்பு உறியில இருக்காம், சுடவச்சுச் சாப்பிடச் சொன்னா.

அண்ணாச்சி.

ஏசணும்னா ஏசுங்க. கேட்டுக்கிடுதேன். சொல்லியிருந்தா நீங்க சைக்கிள எடுத்திருப்பீய. நான் எடுத்திருப்பேன், அதனாலதான் தெரியும். அழாதீங்க அண்ணாச்சி, நல்லாருக்கா. பிள்ளைய மூணும் நல்லாருக்கு. ஒத்தச் செருப்புதான் போச்சாம், அதுக்கு வையுதாளாம். இன்னா மேசைப் பக்கத்துலயே நிக்கா. இருங்க, ரெண்டு லைனையும் சேத்துப் போடுதேன்.

பேசுங்க மதினி.